ஃப்ளோட் டியூபில் ஒரு வசந்த நாள்: காம்லூப்ஸ் ஏரிகளில் டிரவுட் பிடிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வடக்குத் தாம்சன் ஆறும் தெற்குத் தாம்சன் ஆறும் கலக்கும் இடத்தில் காம்லூப்ஸ் நகரம் இருக்கிறது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான செக்வெப்மெக் மக்களின் மொழியில் இந்தப் பெயருக்கே ஆறுகள் கூடும் இடம் என்றுதான் பொருள். நாம் கூடுதுறை என்போமே, அதுதான். நகரத்தைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் டங்க்வா, ரோச், லாக் லெ ஜூன் உள்ளிட்ட ஏராளமான ஏரிகள் உள்ளன. அவற்றில் வளரும் ரெயின்போ டிரவுட் மீன்களைத் தேடி மே மாதத்தில் பல நாடுகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். இதே ரெயின்போ டிரவுட்தான் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கும் கொண்டுவரப்பட்டது என்பதால், அவலாஞ்சிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்த மீன் புதிதாக இராது.

படகில் போவோரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே உடலை ஏரிக்குள் வைத்துக்கொண்டு, காலால் உதைத்து நகர்ந்து மீன்பிடிப்பதைப் பற்றியே எழுதுகிறேன். ஃப்ளோட் டியூப் எனப்படும் இந்த மிதவையைக் கனடாவில் பெல்லி போட் என்றும் அழைப்பார்கள். படகு இழுக்க வண்டி வேண்டியதில்லை, இயந்திரம் வேண்டியதில்லை, முதுகில் சுமந்து காட்டுப்பாதையில் நடந்து சிறிய ஏரிகளை அடையலாம். இத்தனை வசதிக்கும் ஈடாக அது உங்களிடம் இரண்டைக் கேட்கும்: குளிரைப் பற்றிய அறிவையும் காற்றைப் பற்றிய கவனத்தையும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

வசந்தத்தில் எந்த நாளில் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் அமையும். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியை ஒட்டிய நீர் பூஜ்யத்துக்கு அருகிலும், அடிநீர் 4 டிகிரிக்கு அருகிலுமாக ஏரி அடுக்கடுக்காக நிற்கிறது. பனிக்கட்டி உருகி மேல்நீரும் 4 டிகிரியை எட்டியதும் அடுக்குகளுக்கு இடையே இருந்த அடர்த்தி வேறுபாடு மறைந்துவிடுகிறது. அப்போது அடிக்கும் காற்று ஏரியை அடிவரை கலக்கிவிடும். மாதக்கணக்கில் அடியில் கிடந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வருவதால் மீன்கள் சோர்ந்து இரையை நாடாமல் இருக்கும். நீர் கலங்கியிருப்பதையும், மக்கிய இலைத் துணுக்குகள் மிதப்பதையும், சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் வீசுவதையும் கொண்டு இந்தக் கட்டத்தை அடையாளம் காணலாம். ஒன்றிரண்டு வாரங்களில் நீர் தெளிந்துவிடும்.

காம்லூப்ஸ் நகரம் சுமார் 345 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே சொன்ன ஏரிகளோ 1,100 மீட்டருக்கும் மேலே உள்ளவை. தாழ்வான ஏரிகள் ஏப்ரல் மாதத்தில் பனிக்கட்டி உருகி முதலில் திறக்கும், உயரமானவை அதற்குப் பின் ஒவ்வொன்றாகத் திறக்கும். இதனால் ஓர் ஏரி கலங்கியிருந்தால் நாளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இன்னும் தாழ்வான, ஏற்கெனவே தெளிந்துவிட்ட ஏரிக்குப் போனால் போதும். மேல்நீர் 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும் மே மாத நாட்களையே நான் தேடுவேன். ஒரு சிறிய வெப்பமானியைக் கயிற்றில் கட்டி எப்போதும் கையோடு வைத்திருப்பது வீண்போகாது.

விடியலுக்கு முன்பே நீரில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கே உதவாது. வசந்தத்தில் பூச்சிகள் நீரிலிருந்து எழுவது பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் வலுக்கும். பிற்பகல் மூன்று மணி வரை நீடிக்கும். காலையில் நிதானமாகக் கிளம்பி, ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் இருந்தால் போதுமானது. முன்னறிவிப்பில் பலத்த காற்றோ இடியோ இருந்தால் வேறொரு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் இழைத் தூண்டில் கழியைப் பிடித்தபடி திறந்த நீரில் உட்கார்ந்திருப்பவர் மின்னலுக்கு எளிய இலக்கு.

கிளம்பும் முன் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். இந்த மாகாணத்தில் நன்னீர் மீன்பிடி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை; சென்ற ஆண்டு வாங்கிய உரிமம் மே மாதத்தில் செல்லாது. ஏரிக்கு ஏரி விதி மாறும்: சில ஏரிகளில் செயற்கை ஈ (முள்ளின் மேல் பூச்சிபோல் செய்த போலி இரை) மட்டும், சிலவற்றில் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள் மட்டும் அனுமதிக்கப்படும். மாகாண அரசு வெளியிடும் விதித்தொகுப்பில் உங்கள் ஏரியின் பெயரைத் தேடிப் படிப்பது ஐந்து நிமிட வேலைதான்.

மிதவையும் உடையும்

பழைய மிதவைகள் முழு வட்டமாக இருந்தன. கவிழ்ந்தால் அவற்றிலிருந்து வெளியேறுவது கடினம். முன்பக்கம் திறந்திருக்கும் U அல்லது V வடிவ மிதவைகளையே வாங்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காற்றுப்பைகள் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். ஒன்று கிழிந்தாலும் மற்றது உங்களைக் கரை சேர்க்க வேண்டும்.

காற்று நிரப்புவதில் பலர் தவறுவார்கள். நகரத்தில் கட்டிறுக்கமாக நிரப்பி வண்டியில் ஏற்றி 1,100 மீட்டருக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 8 முதல் 9 சதவீதம் குறைந்திருக்கும்; வெயிலும் சேர்ந்தால் தையல் பிரியும் அளவுக்குப் பை விம்மும். ஏரிக்கரையில் நிரப்புவதே சரி. ஆனால் நீரில் வைத்ததும் குளிரால் காற்று சுருங்கி மிதவை தொய்ந்துவிடும் என்பதால், ஐந்து நிமிடம் மிதக்கவிட்டுப் பிறகு மீண்டும் கொஞ்சம் நிரப்புங்கள். மதியம் கரையேறி வெயிலில் வைக்கும்போது சிறிது காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள்.

உடை விஷயத்தில் சிக்கனம் கூடாது. 10 டிகிரி நீரில் மணிக்கணக்கில் கால்கள் மூழ்கியிருக்கப் போகின்றன. கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த ஃபிளீஸ் காற்சட்டை, அதற்கும் மேல் மார்பு வரை வரும் நீர்புகா உடை என்ற அடுக்கு வேண்டும். காலுறையைப் பொறுத்தவரை, இரண்டு ஜோடியைத் திணித்துப் போட்டுக்கொள்வதைவிட ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறையே மேல். இறுகிய பாதத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் விரைவில் மரத்துவிடும். நீர்புகா உடையின் இடைவாரை இறுக்கிக் கட்டுங்கள். உடைக்குள் புகுந்த நீர் நீருக்குள் இருக்கும் வரை உங்களை அடியில் இழுக்காது. ஆனால் கரையேறும்போது எழுந்து நிற்க விடாத சுமையாகிவிடும், உடல் சூட்டையும் கொண்டுபோய்விடும்.

மிதவையே மிதக்கிறதே, உயிர்காப்பு அங்கி எதற்கு என்று கேட்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நேரும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்ற எளிய கணக்காகச் சொல்லியிருக்கிறார்: மூச்சுத் திணறலைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேலே தாங்குவது அங்கிதான். மிதவையை விட்டு விலகிவிட்டால் அந்த நிமிடம் வேறு யாரிடமும் கிடைக்காது. அங்கியின் பையில் ஒரு ஊதலையும், ஈரம் புகாத உறையில் கைபேசியையும் வையுங்கள்.

கழியும் நரம்பும்

மிதவையில் நீர்மட்டத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பதால், முன்னே எறிவதற்காகப் பின்னால் வீசும்போது தூண்டில் நரம்பு நீரைத் தொட்டுவிடும். அதனால் வழக்கமான 9 அடியைவிட 10 அடிக் கழி வசதியானது. நரம்பின் எடையைக் குறிக்கும் எண்ணில் 5 அல்லது 6 இந்த மீன்களுக்குப் பொருந்தும். மிதக்கும் நரம்பு ஒன்று, மெல்ல மூழ்கும் நரம்பு ஒன்று என இரண்டு ரீல்கள் இருந்தால் நாள் முழுவதையும் சமாளிக்கலாம். கழி, கைவலை, இடுக்கி ஆகிய ஒவ்வொன்றையும் சிறு கயிற்றால் மிதவையோடு பிணைத்துவிடுங்கள். கை நழுவியது ஏரிக்குத்தான்.

நீரில் இறங்குதல்

சரளைக்கற்கள் உள்ள கரையாகப் பார்த்து இறங்குங்கள். இந்த ஏரிகள் பலவற்றில் அடித்தளம் வெளிறிய சுண்ணாம்புச் சேறு. மேலே பார்க்கத் திடமாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். கரைப்புல்லில் நடந்து வந்தபின் உடலையும் உடையையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், வசந்தம் உண்ணிகளின் பருவம்.

மிதவையை நீரின் விளிம்பில் வைத்து, அதன் அருகிலேயே உட்கார்ந்து துடுப்புக் காலணிகளை மாட்டிக்கொள்ளுங்கள். அவற்றை மாட்டியபின் ஓர் அடிகூட முன்னோக்கி நடக்கக் கூடாது. துடுப்பின் நுனி மடங்கி முகங்குப்புற விழ வைக்கும். மிதவையை இடுப்போடு பிடித்துக்கொண்டு, பின்னோக்கி, பாதத்தைத் தரையில் தேய்த்தபடி நகருங்கள். தொடையளவு நீர் வந்ததும் இருக்கையில் உட்கார்ந்து, முன்புறத் தடுப்புக் கம்பியையும் மடிமேல் விரியும் துணியையும் பூட்டுங்கள். உதைக்கும்போது இடுப்பிலிருந்து வேண்டாம், முழங்காலிலிருந்து சிறிய, சீரான உதை போதும். முகம் ஒரு பக்கமும் பயணம் எதிர்ப்பக்கமுமாக இருக்கும் என்பதால், அடிக்கடி தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உடல் களைப்படையாத காலையில் காற்றுக்கு எதிரே போய்விட்டால், மதியம் காற்று வலுக்கும்போது அதுவே உங்களை இறங்கிய துறைக்குத் தள்ளிவரும். என் முதல் வசந்தத்தில் நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். இதமான காற்று முதுகைத் தள்ள ஏரியின் மறுமுனை வரை சுகமாகப் போனேன், திரும்ப முயன்றபோது முழு வலுவோடு உதைத்தும் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் அருகிலிருந்த கரையில் ஏறி, மிதவையைச் சுமந்து, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி ஏரியைச் சுற்றி நடந்தேன். வண்டியை அடைந்தபோது கைவிரல்களால் சாவியைத் திருப்ப முடியவில்லை. இன்னொருவருக்கு அந்த நடை நேரக்கூடாது என்பதே இதை இவ்வளவு விரிவாக எழுதுவதன் காரணங்களில் ஒன்று.

மீன் எங்கே, என்ன தின்கிறது

வசந்தத்தில் இங்கே டிரவுட்டின் முக்கிய இரை கைரானமிட் எனப்படும், கடிக்காத கொசு போன்ற பூச்சி. அதன் இளம்புழு அடிச்சேற்றில் வாழ்கிறது. ஆக்சிஜன் குறைந்த அந்தச் சேற்றில் சமாளிக்க உதவும் ஹீமோகுளோபின் இருப்பதால் பல இனங்களின் புழு சிவப்பாக இருக்கும், இரத்தப்புழு என்ற பெயர் அதனால்தான். வளர்ந்ததும் கூட்டுப்புழுவாகி, சேற்றை விட்டு வெளியே வந்து, தோலுக்கடியில் வாயு சேரச்சேர மேற்பரப்பை நோக்கி மிக மெதுவாக எழும். அந்த வாயுவால் உடல் வெள்ளிபோல் மின்னும். தலையில் வெண்ணிறச் செவுள் கொத்து தெரியும். மேற்பரப்பில் தோல் பிளந்து முழுப்பூச்சி பறந்துபோகும். மேலெழத் தயாராகும் கூட்டுப்புழுக்கள் அடியிலிருந்து சில அடி உயரத்தில் திரளும். டிரவுட் அந்த உயரத்திலேயே வலம் வந்து வாயைத் திறந்து வாரிக்கொள்ளும்.

எனவே தேட வேண்டியது 3 முதல் 6 மீட்டர் ஆழமுள்ள, பாசி வளரும் திட்டுகளையும் அவை ஆழத்துக்குச் சரியும் விளிம்பையும்தான். தகைவிலான் குருவிகள் நீரை உரசிப் பறக்கும் இடத்தையும், உரித்துப்போட்ட பூச்சித் தோல்கள் மிதக்கும் இடத்தையும் கண்டால் அங்கேயே நில்லுங்கள்.

ஆழத்தை அளத்தல்

இந்த மீன்பிடிப்பில் திறமை என்று ஒன்று உண்டென்றால் அது ஆழத்தைச் சரியாக அளப்பதே. தூண்டில் முள் அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொங்கும்போது மீன்மேல் மீன் கடிக்கும் இடத்தில், ஒரு மீட்டர் உயர்த்தினால் தக்கை அசையாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளக்க எந்தக் கருவியும் தேவையில்லை. மீன்வாயிலிருந்து முள்ளெடுக்கும் இடுக்கியைத் தூண்டில் முள்ளில் கவ்வவிட்டு, மிதவைக்கு நேர்கீழே மெல்ல இறக்குங்கள். இடுக்கி தரையைத் தொட்டு நரம்பு தளர்ந்ததும், நரம்பை இழுத்து நேராக்கி, நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ. கீழே நரம்பில் தக்கையைப் பொருத்துங்கள். பிறகு இடுக்கியைக் கழற்றிவிட்டால், முள் அடியிலிருந்து அதே 30 செ.மீ. உயரத்தில் தொங்கும். மீன் கடித்து நரம்பு இழுபட்டதும் தானே விடுபட்டு வழுக்கிச் செல்லும் வகைத் தக்கைதான் வேண்டும். 5 மீட்டர் நரம்பின் நடுவே தக்கை இறுகி நின்றால், கழியின் நுனி வளையத்தில் அது முட்டி, மீனைக் கைவலை வரை கொண்டுவர முடியாமல் போகும்.

முள் 12 முதல் 16 ஆம் எண் வரை. கறுப்பு உடலில் சிவப்புக் கம்பி சுற்றிய ஈ ஒன்றும், இங்குள்ளவர்கள் குரோமி என்றழைக்கும், வெள்ளி உடலும் சிவப்புக் கம்பியும் வெள்ளை மணித்தலையும் கொண்டது ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். பின்னது வாயு நிறைந்த கூட்டுப்புழுவின் மினுமினுப்பைக் காட்டுகிறது. முள்ளை இறுக்கி முடியாமல், சுருக்கு விழாத வளைய முடிச்சில் கட்டினால் அது இயல்பாக ஆடித் தொங்கும்.

நகராமல் நிற்பது அவசியம். காற்று லேசாக இருந்தால் காலை மெல்ல அசைத்தே இடத்தைத் தக்கவைக்கலாம். சிறிய நங்கூரம் பயன்படுத்தினால், கயிறு ஒரே இழுப்பில் விடுபடும்படி, கைக்கு எட்டும் பக்கத்தில் கட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கட்டும். அலைகளின் தலை வெளுக்கத் தொடங்கினால் நங்கூரத்தை எடுத்துவிட்டுக் கரைக்குக் கிளம்புங்கள். அலையில் நங்கூரக் கயிறு மிதவையின் ஒரு பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடிப்பது ஆபத்தானது.

காற்று முதுகில் படும்படி உட்கார்ந்து, நீண்ட நரம்பை அவசரமில்லாமல், அகன்ற வளைவில் வீசுங்கள். பிறகு காத்திருங்கள். தக்கை முழுவதும் அமிழ வேண்டும் என்பதில்லை. அது சற்றே சாய்ந்தாலும், காற்றுக்கு எதிரே ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கழியை மெல்ல உயர்த்துங்கள். ஆற்றில் வெட்டியிழுப்பது போல இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும். அரை மணி நேரம் எதுவும் நடக்காவிட்டால் முதலில் ஆழத்தை மாற்றுங்கள், அடுத்து இடத்தை, அதன் பிறகே ஈயின் நிறத்தை. பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பூச்சி எழாத காலை வேளையில் வேறொரு வழி கைகொடுக்கும். மெல்ல மூழ்கும் நரம்பில் அட்டைப்பூச்சி வடிவ ஈயைக் கட்டி, 15 மீட்டர் நரம்பை விட்டு, சரிவு விளிம்பை ஒட்டி மிக மெதுவாகப் பின்னோக்கி உதைத்துச் செல்லுங்கள். இந்தச் சோம்பலான வேகம் படகுகளுக்கு எளிதில் வராது, மிதவைக்கோ அதுவே இயல்பு.

மீன் கடித்த பிறகு

இந்த ஏரிகளில் விடப்படும் மீன்களில் பெனாஸ்க் வகை நீரைவிட்டுத் துள்ளிப் பாயும். பிளாக்வாட்டர் வகை பெரிய இரையைத் துரத்தும் முரட்டு வகை. எதுவானாலும் அது ஓடும்போது ஓடவிட்டு, நிற்கும்போது நரம்பைச் சுற்றுங்கள். மீன் வட்டமிட்டால் மிதவையும் சுழலும். துடுப்பால் திருப்பி மீனை எப்போதும் உங்கள் முன்னே வைத்துக்கொள்ளுங்கள். கால்களுக்கு அடியில் புகுந்து அது துடுப்பில் நரம்பைச் சுற்றிவிட்டால் பிடிப்பது கடினம்.

விடப்போகும் மீனை நீரைவிட்டு வெளியே எடுக்க வேண்டாம். ரப்பர் வலைக்குள் நீரிலேயே வைத்து, ஈரக்கையால் பிடித்து, இடுக்கியால் முள்ளைத் திருப்பி எடுத்துவிடுங்கள். பிறகு சுற்றிலும் பாருங்கள். இங்குள்ள லூன் பறவைகள் தூண்டில்காரர்களைப் பின்தொடரக் கற்றுக்கொண்டவை. களைத்த மீனை விட்ட கணமே நீரடியில் பாய்ந்து கொத்திச் செல்லும். பறவை அருகில் இருந்தால், மீன் வலைக்குள் நன்றாகத் தேறும் வரை காத்திருந்து, உங்கள் மிதவையின் நிழலை ஒட்டி விடுங்கள்.

கரையேறுதலும் சுத்தம் செய்தலும்

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கரைக்கு வந்து பத்து நிமிடம் நடங்கள், சூடான தேநீர் குடியுங்கள், சிறுநீர் கழித்துவிடுங்கள். விரல்கள் மரத்தபின் கரைக்குத் திரும்புவது என்றால் உதைக்கவும் வலு இராது. நடுங்கத் தொடங்கினாலே அன்றைய நாள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரையேறும்போதும் பின்னோக்கியே வாருங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் தடுப்புக் கம்பியைக் கழற்றி, மிதவையைப் பிடித்தபடி எழுந்து, நீரைவிட்டு முழுவதும் வெளியே வந்தபின்பே துடுப்புக் காலணிகளைக் கழற்றுங்கள்.

டிரவுட் குஞ்சுகளைத் தாக்கும் சுழல்நோய் 2023 டிசம்பரில் இந்த மாகாணத்தில், யோஹோ தேசியப் பூங்காவின் எமரால்டு ஏரியில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. அந்நோயின் நுண்ணுயிர் வித்துகள் ஒட்டிய சேற்றோடு ஏரி விட்டு ஏரி பரவக்கூடியவை. மிதவையின் துணி உறையும் துடுப்புக் காலணியும் சேற்றைப் பிடித்து வைப்பதில் படகின் வழவழப்பான அடிப்பகுதியைவிட மோசமானவை. கரையிலேயே சேற்றையும் பாசியையும் தேய்த்துக் கழுவி, பைகளில் தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றி, காற்றுப்பைகளைத் தனியே எடுத்து, எல்லாவற்றையும் வெயில் நேரடியாகப் படாத இடத்தில் முழுவதும் உலரவிட்டு, அதன் பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.